வர்ஜீனியா ஆப்கர்: தாயின் வலி நீக்கத்தையும் சேயின் நலத்தையும் ஒருங்கே அளந்த மருத்துவர்

அறிமுகம்

குழந்தை பிறந்தவுடன் மருத்துவமனையில் எழுதப்படும் குறிப்பில், பிறந்த நேரம், எடை ஆகியவற்றோடு ஆப்கர் மதிப்பெண் என்ற ஒரு பதிவும் இடம்பெறும். பிறந்து ஒரு நிமிடத்தில் ஓர் எண்ணும், ஐந்து நிமிடங்களில் மற்றோர் எண்ணும் குறிக்கப்படும். இந்த அளவீட்டை வகுத்தவர் குழந்தை மருத்துவர் அல்லர். மகப்பேற்று மருத்துவரும் அல்லர். அவர் ஒரு மயக்கவியல் மருத்துவர். தாயின் வலியைப் போக்கக் கொடுக்கப்படும் மருந்து குழந்தையை எவ்வாறு பாதிக்கிறது என்பதைக் கண்டறியும் முயற்சிக்கு இந்த அளவீடு பெரிதும் துணைபுரிந்தது.

மகப்பேற்றின்போது வலி நீக்கம் பெற்றால் குழந்தைக்குத் தீங்கு நேருமா என்பது கர்ப்பிணிகளும் அவர்தம் குடும்பத்தினரும் பெரும்பாலும் கேட்கும் வினா. இன்று இவ்வினாவுக்கு மருத்துவர்கள் தெளிவாக விடையளிக்க முடிகிறது. அவ்விடை ஊகத்தால் கிடைத்ததன்று. பல்லாயிரம் குழந்தைகளைப் பிறந்த கணத்திலேயே கவனித்து, எண்ணிட்டு, ஒப்பிட்டுப் பார்த்ததால் கிடைத்தது. அந்த உழைப்புக்குப் பொருளுதவி அளித்தோரால் வளர்ந்தது. வர்ஜீனியா ஆப்கரின் வாழ்க்கை இவ்விரண்டையும் விளக்குகிறது.

அவருக்கு முந்தைய நிலை

1847-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் என்ற மகப்பேற்று மருத்துவர், முதலில் ஈதரையும் பின்னர் குளோரோபார்மையும் பிரசவ வலிக்குப் பயன்படுத்தினார். 1853-ஆம் ஆண்டு இங்கிலாந்து அரசி விக்டோரியா தம் எட்டாவது மகப்பேற்றின்போது ஜான் ஸ்னோ என்ற மருத்துவரிடம் குளோரோபார்ம் பெற்றுக்கொண்டார். அதன்பின் மகப்பேற்றில் வலி நீக்கம் கேட்பது தவறு என்ற எண்ணம் சமூகத்தில் மெல்லக் குறைந்தது.

ஆயினும் மருந்துகளின் பயன்பாடு வளர்ந்த வேகத்தில் அவற்றைப் பற்றிய அறிவு வளரவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியிலிருந்து பரவிய ஒரு முறையில், மார்பினும் ஸ்கோபாலமினும் சேர்த்து ஊசியாக அளிக்கப்பட்டன. தாய்க்கு வலியின் நினைவே இல்லாமல் போயிற்று. ஆனால் பிறந்த குழந்தைகளுள் சிலர் சோர்ந்து, மூச்சுவிடத் தாமதித்தனர். எந்த மருந்து, எந்த அளவில், எந்த நேரத்தில் கொடுத்தால் குழந்தைக்கு இன்னல் நேர்கிறது என்பதை எவரும் முறையாகக் கணக்கிடவில்லை. கணக்கிடுவதற்குப் பொதுவான அளவுகோலும் இல்லை.

இளமையும் கல்வியும்

வர்ஜீனியா ஆப்கர் 1909-ஆம் ஆண்டு ஜூன் 7 அன்று அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ள வெஸ்ட்ஃபீல்டு என்ற ஊரில் பிறந்தார். மூன்று பிள்ளைகளுள் இளையவர். மூத்த சகோதரர்களுள் ஒருவர் சிறு வயதிலேயே காசநோயால் இறந்தார்; மற்றவர் நீடித்த நோயால் துன்புற்றார். தந்தை வானியலிலும் வானொலிப் பரிசோதனைகளிலும் ஆர்வம் கொண்டவர். நோயையும் அறிவியலையும் ஒரே வீட்டில் கண்டு வளர்ந்த அப்பெண் மருத்துவராக விரும்பினார்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மவுண்ட் ஹோலியோக் கல்லூரியில் விலங்கியல் பயின்றார். உதவித்தொகையும் பல சிறு பணிகளின் ஊதியமும் கொண்டே படிப்புச் செலவைச் சமாளித்தார். 1929-ஆம் ஆண்டு நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அவர் சேர்ந்த சில வாரங்களிலேயே அமெரிக்கப் பங்குச் சந்தை வீழ்ந்து, நாடு பெரும் பொருளாதார நெருக்கடிக்குள் சென்றது. கடன் வாங்கிப் படித்து, 1933-ஆம் ஆண்டு வகுப்பில் நான்காம் இடம் பெற்று மருத்துவப் பட்டம் பெற்றார்.

மயக்கவியலுக்கு வந்த வழி

அறுவை மருத்துவராக வேண்டும் என்பதே ஆப்கரின் முதல் விருப்பம். அத்துறையில் பயிற்சியும் தொடங்கினார். ஆனால் அறுவை மருத்துவத் துறைத் தலைவராக இருந்த ஆலன் விப்பிள் அவரை மயக்கவியலுக்குச் செல்லுமாறு தூண்டினார். அக்காலத்தில் பெண் அறுவை மருத்துவர்களுக்குப் போதிய வருவாய் கிடைப்பது அரிதாக இருந்தது. மயக்கவியல் முன்னேறாவிடில் அறுவை மருத்துவமும் முன்னேறாது என்பதையும், அதற்குத் திறமையான மருத்துவர்கள் தேவை என்பதையும் விப்பிள் உணர்ந்திருந்தார்.

அப்போது மயக்கவியல் தனித் துறையாக வளர்ந்திருக்கவில்லை. மயக்க மருந்து கொடுக்கும் பணியைப் பெரும்பாலும் செவிலியரே செய்துவந்தனர். ஆப்கர் முதலில் அவர்களிடமே பயின்றார். பின்னர் விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில் ரால்ஃப் வாட்டர்சிடமும், நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் எமரி ரோவன்ஸ்டைனிடமும் பயிற்சி பெற்றார். 1938-ஆம் ஆண்டு கொலம்பியாவுக்குத் திரும்பி மயக்கவியல் பிரிவின் தலைவரானார்.

பதவி உயர்ந்ததேயன்றி வசதிகள் உயரவில்லை. மருத்துவர்கள் இத்துறைக்கு வரத் தயங்கினர், ஊதியம் குறைவு, பணிச்சுமையோ மிகுதி. சில ஆண்டுகள் வரை சிகிச்சைப் பணி, கற்பித்தல், நிர்வாகம் ஆகிய அனைத்தையும் பெரும்பாலும் அவரே தாங்கினார். ஆய்வு செய்ய நேரமும் இல்லை, பணமும் இல்லை. ஒரு துறைக்கு ஆளும் பொருளும் ஒதுக்கப்படாவிடில் அத்துறையில் கேள்விகள்கூட எழுவதில்லை என்பதை அவர் தம் அனுபவத்திலேயே கண்டார்.

1949-ஆம் ஆண்டு மயக்கவியல் தனித் துறையாக உயர்த்தப்பட்டபோது, தலைமைப் பொறுப்பு இமானுவேல் பாப்பர் என்ற மருத்துவருக்கு வழங்கப்பட்டது. ஆப்கர் முழுப் பேராசிரியரானார். அக்கல்லூரியில் அந்நிலையை எட்டிய முதல் பெண்மணி அவரே. நிர்வாகச் சுமை நீங்கியதால், கொலம்பியாவைச் சேர்ந்த ஸ்லோன் மகளிர் மருத்துவமனையின் மகப்பேற்று அறைக்குத் தம் கவனத்தைத் திருப்பினார்.

மகப்பேற்று அறையில் கண்ட குறை

அக்காலத்தில் அமெரிக்காவில் குழந்தை இறப்பு பொதுவாகக் குறைந்து வந்தது. ஆனால் பிறந்த முதல் 24 மணி நேரத்தில் நேரும் இறப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. பிரசவம் முடிந்தவுடன் மருத்துவர்களின் கவனம் தாயின்மீதே இருந்தது. குழந்தை சற்று நீலமாகவோ தளர்ந்தோ இருந்தால், அது தானே தேறும் என்றோ, பிழைக்கும் வலிமை அதற்கில்லை என்றோ கருதிவிடுவது உண்டு. எந்தக் குழந்தைக்கு உடனடி உதவி தேவை என்பதை முடிவு செய்யப் பொதுவான முறை இல்லை.

பச்சிளங்குழந்தையின் நிலையை எவ்வாறு மதிப்பிடுவது என்று ஒருநாள் மருத்துவமனை உணவகத்தில் ஒரு மாணவர் கேட்டதாகவும், ஆப்கர் கைக்குக் கிடைத்த தாளில் ஐந்து அடையாளங்களை உடனே எழுதிக்காட்டியதாகவும் கூறப்படுகிறது. அறுவை சிகிச்சையின்போது நோயாளியின் நிறம், நாடி, மூச்சு ஆகியவற்றை நொடிதோறும் கவனிப்பது மயக்கவியல் மருத்துவரின் இயல்பான பணி. அந்தக் கவனிப்பையே அவர் குழந்தைக்கும் விரிவாக்கினார்.

ஐந்து அடையாளங்கள்

ஆப்கர் வகுத்த முறையில் பின்வரும் ஐந்தும் நோக்கப்படுகின்றன:

• இதயத் துடிப்பு
• மூச்சு
• தசைகளின் முறுக்கு, கை கால் அசைவு
• தூண்டலுக்குக் குழந்தை காட்டும் எதிர்வினை
• தோலின் நிறம்

ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2 மதிப்பெண் வழங்கப்படும். கூட்டுத்தொகை 0 முதல் 10 வரை அமையும். கருவியோ செலவோ தேவையில்லை. பயிற்சி பெற்ற எவரும், எந்த மருத்துவமனையிலும் சில நொடிகளில் கணக்கிடலாம். 1952-ஆம் ஆண்டு ஒரு மருத்துவ மாநாட்டில் ஆப்கர் இதனை முன்வைத்தார். 1953-ஆம் ஆண்டு ஆய்விதழில் வெளியிட்டார். பின்னர் 1960-களின் தொடக்கத்தில், நினைவில் கொள்ள எளிதாக, அவருடைய பெயரின் ஆங்கில எழுத்துகளே ஐந்து அடையாளங்களையும் குறிக்குமாறு வேறொரு மருத்துவர் அமைத்துக் கொடுத்தார்.

மதிப்பெண் வெளிப்படுத்திய உண்மை

இம்முறையால் கிடைத்த முதல் பயன், உதவி தேவைப்படும் குழந்தை உடனே கண்ணில் பட்டது. மதிப்பெண் எழுத வேண்டுமெனில் குழந்தையைப் பார்த்தே ஆகவேண்டும். பார்த்தபின் வாளாவிருக்க இயலாது.

இரண்டாவது பயன், தாய்க்குத் தரப்படும் மயக்க முறைகளை ஒப்பிட முடிந்தது. சிசேரியன் அறுவை சிகிச்சையில் முழு மயக்கம் அளிக்கப்பட்ட தாய்மாரின் குழந்தைகளைவிட, முதுகில் ஊசி செலுத்தி இடுப்புக்குக் கீழ் மட்டும் மரத்துப்போகச் செய்யப்பட்ட தாய்மாரின் குழந்தைகள் கூடுதல் மதிப்பெண் பெற்றதை ஆப்கரின் முதல் ஆய்வே காட்டியது.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் காண அவர் தனித்து முயலவில்லை. இரத்தத்தின் வாயுக்களை அளப்பதில் வல்லவரான டங்கன் ஹாலடேயும், குழந்தை மருத்துவரான ஸ்டான்லி ஜேம்சும் அவருடன் இணைந்தனர். தொப்புள்கொடியின் இரத்த நாளங்கள் வழியாகப் பச்சிளங்குழந்தையின் இரத்தத்தை எடுத்து ஆராய்ந்தனர். பிறக்கும்போது ஆக்சிஜன் குறைந்திருப்பது எல்லாக் குழந்தைகளுக்கும் இயல்பே என்ற பழைய கருத்து அதனால் ஆட்டங்கண்டது. குறைந்த மதிப்பெண் பெற்ற குழந்தைகளின் இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தும் அமிலத்தன்மை மிகுந்தும் இருந்தது. அது விரைந்து சரிசெய்ய வேண்டிய நிலை என்பது புலனாயிற்று.

அக்காலத்தில் மகப்பேற்றில் பெரிதும் பயன்பட்ட மயக்க வாயு சைக்ளோபுரோப்பேன். ஆப்கர் விரும்பிக் கையாண்ட மருந்தும் அதுவே. அவ்வாயு நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையைச் சென்றடைவதையும், குழந்தையைச் சோர்வுறச் செய்வதையும் இக்குழுவினரின் ஆய்வு காட்டியது. 1957-ஆம் ஆண்டு அம்முடிவுகள் வெளியாயின. தமக்குப் பழகிய மருந்தென்று ஆப்கர் அதனைப் பற்றிக்கொண்டிருக்கவில்லை. சான்று கண்டவுடன் கைவிட்டார். தாய்க்கு வலி நீக்கமே கூடாது என்ற முடிவுக்கும் அவர் செல்லவில்லை. குழந்தைக்கு ஏற்ற வலி நீக்க முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே அவருடைய ஆய்வுகள் காட்டிய வழி.

ஒரு மருத்துவமனையின் முடிவு எல்லா இடத்துக்கும் பொருந்துமா என்ற ஐயம் இயல்பானது. அதனைத் தீர்க்கப் பெரும் பொருட்செலவு வேண்டியிருந்தது. அமெரிக்க அரசின் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் 1959 முதல் 1966 வரை 12 பல்கலைக்கழக மருத்துவமனைகளில் 50,000-க்கும் மேற்பட்ட கர்ப்பங்களைப் பதிவு செய்த கூட்டாய்வுக்கு நிதி வழங்கின. அதில் 17,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்தபோது, பிறந்த முதல் மாதத்தில் உயிர்பிழைக்கும் வாய்ப்பை ஒரு நிமிட மதிப்பெண்ணைவிட ஐந்து நிமிட மதிப்பெண் நன்கு காட்டுவது உறுதியாயிற்று. தாளில் எழுதிய ஐந்து வரிகள் உலகம் ஏற்கும் அளவீடாக மாறியதற்கு இத்தகைய பொதுநிதியும் ஒரு காரணம்.

ஆய்வுக்குப் பொருள் திரட்டிய ஆண்டுகள்

தம் ஐம்பதாம் வயதில் ஆப்கர் மீண்டும் மாணவியானார். புள்ளியியலில் தமக்குள்ள பயிற்சி போதாதென்று எண்ணி, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பொது நலவாழ்வியலில் முதுநிலைப் பட்டம் பயின்று 1959-ஆம் ஆண்டு முடித்தார். அவ்வாண்டே மார்ச் ஆஃப் டைம்ஸ் என்று அறியப்படும் தேசிய அறக்கட்டளையில் சேர்ந்தார்.

அந்த அறக்கட்டளை 1938-ஆம் ஆண்டு, இளம்பிள்ளை வாதத்தை ஒழிக்க அமெரிக்க அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் நிறுவியது. டைம் என்பது பத்து சென்ட் மதிப்புள்ள சிறு நாணயம். எளிய மக்கள் அனுப்பிய அத்தகைய நாணயங்களே நிதியாகத் திரண்டு, ஜோனாஸ் சால்க்கின் தடுப்பூசி ஆய்வுக்குத் துணைநின்றன. 1955-ஆம் ஆண்டு அத்தடுப்பூசி வெற்றி கண்டபின், அறக்கட்டளை பிறவிக் குறைபாடுகளைத் தன் புதிய நோக்கமாக 1958-இல் ஏற்றுக்கொண்டது. அப்பிரிவுக்கு ஆப்கர் தலைவரானார்.

அக்காலத்தில் பிறவிக் குறைபாடுள்ள குழந்தைகளைப் பற்றிக் குடும்பங்கள் வெளியே பேசத் தயங்கின. பேசப்படாத நோய்க்கு நிதியும் கிடைப்பதில்லை. ஆப்கர் ஊர் ஊராகப் பயணம் செய்து, பெற்றோரிடமும் செவிலியரிடமும் நன்கொடையாளரிடமும் எளிய சொற்களில் விளக்கினார். 1961-ஆம் ஆண்டு தாலிடோமைடு என்ற மருந்தின் தீங்கு வெளிப்பட்டு, கர்ப்பக் காலத்தில் உட்கொள்ளும் மருந்துகளைப் பற்றிய அச்சம் உலகெங்கும் பரவியது. 1964, 1965-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் ரூபெல்லா காய்ச்சல் பெருகி, பல குழந்தைகள் குறைபாடுகளுடன் பிறந்தனர். ரூபெல்லா தடுப்பூசியின் தேவையை ஆப்கர் தொடர்ந்து வலியுறுத்தினார்.

பின்னர் அறக்கட்டளையின் அடிப்படை மருத்துவ ஆய்வுப் பிரிவுக்கும் அவர் பொறுப்பேற்றார். அவர் சேர்ந்தபோது ஆண்டுக்கு ஏறத்தாழ 1.9 கோடி டாலராக இருந்த அறக்கட்டளையின் வருவாய், அவர் மறைந்தபோது ஏறத்தாழ 4.6 கோடி டாலராக உயர்ந்திருந்தது. அவ்வளர்ச்சியில் அவருடைய உழைப்புக்குப் பெரும் பங்கு உண்டு. 1972-ஆம் ஆண்டு, பிறவிக் குறைபாடுகள் குறித்துப் பெற்றோருக்கான நூலொன்றையும் ஜோன் பெக் என்பவருடன் இணைந்து எழுதினார்.

இறுதிக் காலம்

ஆப்கர் திருமணம் செய்துகொள்ளவில்லை. இசையில் மிகுந்த ஈடுபாடு கொண்டிருந்தார். வயலின் வகைக் கருவிகளைத் தம் கையாலேயே செய்து வாசித்தார். வழியில் எவரேனும் மூச்சுத்திணறினால் உதவுவதற்காக, மூச்சுக்குழாயும் சிறு கத்தியும் எப்போதும் தம்மிடம் வைத்திருந்தார். பணியிலிருந்து ஓய்வு பெறாமலேயே, கல்லீரல் நோயால் 1974-ஆம் ஆண்டு ஆகஸ்டு 7 அன்று, தாம் பயின்று பணியாற்றிய கொலம்பியா மருத்துவ மையத்திலேயே காலமானார். 1994-ஆம் ஆண்டு அமெரிக்க அரசு அவருடைய உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது.

ஆய்வு இன்றும் ஏன் தேவை

தாலிடோமைடு விளைவித்த அச்சத்தால் கர்ப்பிணிகள் மருந்து ஆய்வுகளிலிருந்து பெரும்பாலும் விலக்கி வைக்கப்பட்டனர். காக்கும் நோக்கத்தோடு செய்யப்பட்டதாயினும், இதற்கு வேறொரு பக்கமும் உண்டு. ஆய்வு செய்யப்படாத மருந்துகளும் கர்ப்பிணிகளுக்குத் தேவைப்படவே செய்கின்றன. அப்போது மருத்துவரும் தாயும் குறைந்த சான்றுகளைக் கொண்டே முடிவெடுக்க நேர்கிறது. கர்ப்பக் காலத்தில் அறுவை சிகிச்சை தேவைப்படும் பெண்கள், நாட்பட்ட வலியுடைய பெண்கள், இதய நோயுள்ள கர்ப்பிணிகள் ஆகியோருக்கு ஏற்ற மயக்க முறைகளைக் கண்டறியத் தொடர்ந்து நிதியும் ஆய்வும் வேண்டும்.

அவ்வாறான ஆய்வில் பங்கேற்குமாறு உங்களிடம் கேட்கப்படலாம். நோக்கம், பயன், இடர் ஆகியவற்றை முழுமையாக அறிந்தபின் மட்டுமே இசைவு அளியுங்கள். மறுப்பதற்கும், இடையில் விலகுவதற்கும் உங்களுக்கு உரிமை உண்டு. அதனால் உங்கள் சிகிச்சை குறைக்கப்படக் கூடாது.

கர்ப்பிணிகளும் குடும்பத்தினரும் அறிய வேண்டியவை

• எபிடியூரல் முறையில், முதுகின் கீழ்ப்பகுதியில் மெல்லிய குழாய் வழியாக மருந்து செலுத்தப்படுகிறது. தாய் விழிப்புடன் இருப்பார். இன்றைய குறைந்த செறிவுள்ள மருந்துகளால் சிசேரியன் தேவை கூடுவதில்லை என ஆய்வுகள் காட்டுகின்றன. குழந்தையை வெளியே தள்ளும் கட்டம் சற்று நீளலாம்.

• சிசேரியனுக்குப் பெரும்பாலும் முதுகில் செலுத்தப்படும் மயக்க ஊசியே பயன்படுகிறது. இரத்த அழுத்தம் குறைவது இதில் நேரக்கூடியது. மருத்துவர்கள் அதனைக் கவனித்து உடனே சரிசெய்வர். மிக அவசரச் சூழலிலும், முதுகு ஊசி பொருந்தாத நிலையிலும் முழு மயக்கம் தேவைப்படலாம். தேவைப்படும்போது அது உயிர்காக்கும் முறை.

• பெத்திடின் போன்ற ஊசி மருந்துகள், பிரசவத்துக்குச் சற்று முன்னர் கொடுக்கப்பட்டால் குழந்தையைச் சோர்வுறச் செய்யக்கூடும். ஆகவே அவற்றின் நேரத்தை மருத்துவரே முடிவு செய்வார்.

• இரத்தம் உறையாமைக் கோளாறு, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகள், முதுகில் செய்த அறுவை சிகிச்சை, மருந்து ஒவ்வாமை, முன்பு மயக்க மருந்தால் நேர்ந்த தொல்லை ஆகியவை இருப்பின் மயக்கவியல் மருத்துவரிடம் தவறாமல் கூறுங்கள்.

• ஆப்கர் மதிப்பெண் 7 முதல் 10 வரை இருப்பின் நிறைவளிப்பது. முதல் நிமிடத்தில் பல குழந்தைகளின் கை கால்கள் நீலமாக இருப்பதால் முழு 10 கிடைப்பது அரிது. முதல் மதிப்பெண் குறைந்து, ஐந்தாம் நிமிடத்தில் உயர்வதும் உண்டு. குறைமாதக் குழந்தைகளுக்கு மதிப்பெண் குறைவாக அமையலாம்.

• இம்மதிப்பெண் குழந்தையின் அறிவுத்திறனையோ எதிர்காலத்தையோ கூறுவதன்று. அந்நேரத்தில் குழந்தையின் நிலையை மட்டுமே அது காட்டுகிறது. உங்கள் குழந்தையின் மதிப்பெண் குறைவாக இருந்திருந்தால், அதற்குக் காரணத்தையும் தொடர் பரிசோதனையின் தேவையையும் குழந்தை மருத்துவரிடம் கேட்டறியுங்கள்.

வலி தாங்குவது தாய்மையின் கடமை அன்று. வலி நீக்கம் கேட்பது குழந்தைக்கு இழைக்கும் தீங்கும் அன்று. எந்த முறை உங்களுக்குப் பொருந்தும் என்பதைப் பிரசவ வலி தொடங்குவதற்கு முன்பே, கர்ப்பக் காலப் பரிசோதனையின்போது மருத்துவருடன் கலந்து பேசி முடிவு செய்யுங்கள்.

இப்பக்கத்தில் உள்ள தகவல்கள் பொது விழிப்புணர்வுக்காக மட்டுமே வழங்கப்படுகின்றன. இவை மருத்துவரின் நேரடி ஆலோசனைக்கு மாற்றாகா.